பக்கத்து சீட்டு பிரேக்

மார்ச் 4

இன்றைக்கு எங்கள் ஆஸ்பத்திரி எலும்பு டாக்டர் எனக்குப் பயணம் எழுதிக் கொடுத்தார், மருந்துக்குப் பதிலாக. "எங்கேயாவது தூரமா போயிட்டு வாங்க. உங்களை நீங்களே கண்டுபிடிப்பீங்க." நான் எங்கே தொலைந்தேன்? வருஷக்கணக்காக அதே எக்ஸ்ரே அறையில்தானே இருக்கிறேன். படம் சரியில்லை என்று கத்திக்கொண்டு தினமும் அவர்தான் வந்து கண்டுபிடிக்கிறார்.

வீட்டுக்காரர் போய் நாலு மாசம். ஆளாளுக்கு ஒரு அறிவுரை. தைரியமா இரு. வாக்கிங் போ. செடி வை. செடி வைத்தேன், செத்துப்போச்சு. நாள் முழுக்க "மூச்சை இழுத்துப் பிடிங்க... அசையாதீங்க... இப்ப விடலாம்" என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள் நான். எனக்கு "இப்ப விடலாம்" சொல்லத்தான் ஆள் இல்லை.

வாசலில் அவர் வண்டி நிற்கிறது. டிரைவிங் ஸ்கூல் வண்டி. கூரைமேல் போர்டு, பக்கத்து சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக், ஓட்டுகிறவர் எசகுபிசகாக ஏதாவது பண்ணினால் வாத்தியார் மிதிப்பதற்கு. ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த மனுஷன். எனக்கு மட்டும் இல்லை. "நான் இருக்கேனே, உனக்கு எதுக்கு?" என்பார். அப்போது கேட்க நன்றாகத்தான் இருந்தது.

சாயங்காலம் பொண்ணு போன். "வண்டியை வித்துடும்மா. வேலையை விட்டுட்டு ஜூன்ல இங்கயே வந்துடு. தனியா என்ன பண்ணுவே?" சரி என்றேன். நான் எதற்குத்தான் சரி சொல்லவில்லை? போக எனக்கு இஷ்டமில்லை. அதை இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 9

வண்டி வாங்க எதிரி வந்தார்.

எதிர்ச்சாரியில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர். அவரும் என் வீட்டுக்காரரும் இத்தனை வருஷமும் ஹாரனால் மட்டுமே பேசிக்கொண்டவர்கள். "அவன்கிட்ட கத்துக்கிட்டவன் ரிவர்ஸ்ல மட்டும் நல்லா ஓட்டுவான்" என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அந்தப் பக்கமும் இதேபோல ஒன்று சொல்லியிருப்பார்கள்.

இஸ்திரி போட்ட சட்டையோடு வண்டியைச் சுற்றி வந்தார், டயரை உதைத்தார். "கிளட்ச் எப்படி இருக்கு மேடம், ஓட்டிப் பார்த்தீங்களா?"

"எனக்கு ஓட்டத் தெரியாது."

சிரித்துவிட்டார். "மாஸ்டர் வீட்டுலயேவா?"

வண்டி விற்பனைக்கு இல்லை என்று கதவைச் சாத்தினேன். சாத்திய பிறகுதான், இதை எப்போது முடிவு பண்ணினோம் என்று யோசித்தேன்.

மார்ச் 10

மறுபடி வந்தார், மன்னிப்புக் கேட்க. கையில் பேட்டரி ஒயர், நாலு மாசமாக நின்ற வண்டியைக் கிளப்ப. "நான் சிரிச்சிருக்கக் கூடாது. முதல்ல ஓட்டக் கத்துக்கங்க. அப்புறமா விக்கிறதா வேண்டாமான்னு பாருங்க. ஃபீஸ் எல்லாம் வேண்டாம்." போட்டிக் கடைக்காரரின் மனைவிக்கு இலவச வகுப்பு. செத்தவரை இப்படியும் பழிவாங்குவதா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சரி என்றேன். எனக்கு வேறென்ன தெரியும்.

மார்ச் 15

முதல் பாடம். பெடலுக்குக் கால் எட்டவில்லை. "சீட்டை முன்னாடி இழுங்க" என்றார் எதிரி.

வீட்டுக்காரர் தன் நீளக் காலுக்குக் கடைசியாக வைத்த இடம் அது. இழுத்தால் போச்சு. திரும்ப அதே இடத்துல வைக்க எனக்குத் தெரியாது... இதை ஒரு வெளி ஆள்கிட்ட எப்படிச் சொல்றது? சீட்டுக்கு அடியில கையை வச்சுக்கிட்டு அப்படியே அழுதேன். மூக்கெல்லாம் ஒழுகி, அசிங்கமா.

எதிரி இறங்கிப் போய், எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த குழாய் ரிப்பேர் விளம்பரத்தை ஒரு எழுத்து விடாமல் படித்தார். பிறகு தன் ஸ்கூலிலிருந்து ஒரு தலையணையைக் கொண்டுவந்து என் முதுகுக்குக் கொடுத்தார். "சீட்டு அப்படியே இருக்கட்டும். இதை வச்சுக்கங்க."

மார்ச் 16

தலையணை சரிப்படவில்லை. சீட்டை நானே இழுத்தேன். டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

ஏப்ரல் 2

இன்றைக்கு ஒரு தண்ணி லாரி, ஒரு ஸ்கூல் வேன், ஒரு கோழி. எல்லாரும் நலம்.

என் திறமையால் இல்லை. எதிரி மிதித்துக்கொண்டே இருக்கிறார். திருப்பம் வந்தால் மிதி, சைக்கிள் வந்தால் மிதி, காற்று வந்தால்கூட மிதி. நானும் ரோட்டைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் காலைத்தான் பார்க்கிறேன். கத்தவும் மாட்டார். கத்தினாலாவது பதிலுக்குக் கத்தலாம். ஒவ்வொரு தடவையும் "பரவாயில்லை மேடம்." அந்தப் பரவாயில்லையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது.

ஸ்கேன் அறை அக்கா கேட்கிறாள்: "என்னடி, இப்பல்லாம் தலை வாரிட்டு வர்றே?" அதுவரைக்கும் என்ன பரட்டைத் தலையோடா வந்தேன்?

மே 6

லைசென்ஸ் கிடைத்துவிட்டது. இரண்டாவது முயற்சி. முதல் முயற்சியைப் பற்றி எழுதுவதாக இல்லை. போட்டோவில் நகைக்கடையில் பிடிபட்டவள் மாதிரி இருக்கிறேன்.

மே 20

பொண்ணு போன். "மாப்பிள்ளை ரயில்ல வந்து உன்னையும் சாமானையும் கூட்டிட்டு வந்துடுவார்."

என்னையும் சாமானையும்.

"நானே கார்ல வர்றேன்" என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். அந்தப் பக்கம் டிவி சத்தம் நின்றது. அப்புறம், "யார் ஓட்டுறது?" நான்தான். "கூட யாரு?" பிரேக் போட ஒருத்தர்.

அந்த ஒருத்தரிடம் இன்னும் கேட்கவே இல்லை என்பது போனை வைத்ததும்தான் உறைத்தது. எதிர்ச்சாரிக்கு ஓடினேன். ஒரு வாரம், பத்து நாள் ஸ்கூலை மூட முடியுமா என்று கேட்டு முடிப்பதற்குள், "மூடிட்டாப் போச்சு" என்றார். அவ்வளவு வியாபாரம்.

ஜூன் 1

வழியில் ஒரு லாட்ஜ். கவுண்டரில் இருந்த அம்மா, "ஒரு ரூமா, ரெண்டா?" என்று கேட்டார். "ரெண்டு!" இரண்டு பேரும் ஒரே நேரத்தில், வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி. அந்த அம்மா சாவி தேடுகிற சாக்கில் மேஜைக்குக் கீழே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

சாப்பிடும்போது எதிரி தன் மனைவி விட்டுப்போன கதையைச் சொன்னார். "எதுக்கெடுத்தாலும் பார்த்து, பார்த்துன்னு சொல்லிட்டே இருந்தேனாம். வீட்டுலயும் உங்க கால் பிரேக் மேலதான் இருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டா. இப்ப வேற ஊர்ல வேற ஒருத்தரோட நல்லா இருக்கா." நான் சிரித்துவிட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன். பார்த்தால் அவரும் சிரிக்கிறார்.

வீட்டுக்காரர் போன பிறகு வயிறு வலிக்கச் சிரித்தது இன்றைக்குத்தான். இப்போது ரூமில் ஏதோ திருடிவிட்டு வந்தவள் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். அவர் இருந்திருந்தா... இருந்திருந்தா நான் இங்க ஏன் வர்றேன்?

ஜூன் 2

மலை இறக்கம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமே இல்லை. முதல் வளைவிலேயே என் கண் வழக்கம்போல எதிரியின் காலுக்குப் போனது.

மனுஷன் செருப்பைக் கழற்றினார். காலைத் தூக்கி சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ஐயோ, காலைக் கீழ வைங்க!"

"மாட்டேன்."

"லாரி வருது மாஸ்டர்!"

"தெரியுது. எனக்கும் பயம்தான். ஆனா நீங்க என் காலைப் பார்த்துத்தான் ஓட்டுறீங்க. ரோட்டைப் பாருங்க."

பார்த்தேன். வேறு வழி? லாரி போனது. அடுத்த வளைவு, அதற்கடுத்த வளைவு. எதிரி மேலே இருந்த கைப்பிடியைத் தொங்குகிற மாதிரி பிடித்துக்கொண்டு, கண்ணை மூடாமல், முகமெல்லாம் வெளிறி, சம்மணத்தைக் கலைக்காமல் உட்கார்ந்திருந்தார். அடிவாரம் வரைக்கும் பிரேக் போட்டது நான் மட்டும்தான்.

கீழே வந்து ஓரம் கட்டினேன். அப்புறம் என்ன ஆச்சுன்னே தெரியல, வாய்விட்டுக் கத்திட்டேன். நான் இருக்கேனே, நான் இருக்கேனேன்னு சொல்லிட்டுப் போயிட்டீங்களே! இதைப் பார்க்கலையே நீங்க! நான் நல்லா ஓட்டுறேன், கேட்குதா? நல்லா ஓட்டுறேன்! கோபமா, ஏக்கமா... ரெண்டும்தான்.

எதிரி மரத்துப்போன காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னார், "அவர்கிட்ட கத்துக்கிட்டிருந்தா இன்னும் நல்லா ஓட்டியிருப்பீங்க. என்னைவிட நல்ல வாத்தியார். இதை நம்ம தெருவுல சொல்லிடாதீங்க." நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் விடவில்லை.

ஜூன் 3

பொண்ணு வீடு. எனக்கென்று ஒரு அறை, புது மெத்தை, காலி அலமாரி. பாவம், பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறாள். பேரப்பிள்ளையின் டைம்டேபிள்கூட கதவில் ஒட்டியாகிவிட்டது, யார் எப்போது ஸ்கூலில் இருந்து கூட்டி வருவது என்று. எல்லா நாளும் நான்தான்.

"நான் இங்க தங்க வரலைம்மா" என்றேன். "உன்னைப் பார்க்கத்தான் வந்தேன். வேலையை விடலை. வீட்டையும் விடப்போறதில்லை." கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அவள் எதிரியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அப்பா போய் ஒரு வருஷம்கூட ஆகலை" என்றாள். சரிதான். "ஆமாம்டி, ஆகலை. எனக்கும் தினமும் தெரியுது" என்றேன். இரண்டு பேரும் சமையலறையில் நின்றுகொண்டு அழுதோம். எதிரியும் மாப்பிள்ளையும் வாசலில் டயர் காற்றைப் பற்றி ரொம்ப ஆழமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஜூன் 5

காலையில் பொண்ணு தானே வந்து பக்கத்து சீட்டில் ஏறினாள். ஏறிய வேகத்தில் கால் பிரேக்குக்குப் போய்விட்டது. கடைக்குப் போய் வருவதற்குள் எதிரி எவ்வளவோ தேவலை என்று ஆகிவிட்டது. திரும்பும்போது பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். "நீ அப்பா மாதிரியே ஹாரன் அடிக்கிறேம்மா" என்றாள். பிறகு வெளியே பார்த்துக்கொண்டு, "அந்த அங்கிளுக்கு காபியில சர்க்கரை போடலாமா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

செப்டம்பர் 14

லீவு போட்டுவிட்டுக் கிளம்பினோம். எங்கே என்று இவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஊர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பக்கத்து சீட்டிலிருந்து ஒரு சத்தம். கியர்பாக்ஸ் போச்சு என்று பயந்துபோனேன். குறட்டை.

டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் யாரும் பக்கத்து சீட்டில் தூங்கி நான் பார்த்ததில்லை. மாப்பிள்ளை ஓட்டும்போதுகூட என் வீட்டுக்காரர் கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டுதான் வருவார். இவரானால் வாயைப் பிளந்து, கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்து, ஏதோ சொந்தக் கட்டிலில் கிடக்கிற மாதிரி.

மரநிழலில் நிறுத்திவிட்டு ஸ்டீயரிங் மேல் வைத்து இதை எழுதுகிறேன். எழுந்ததும் எங்கே இருக்கோம் என்று கேட்பார். தூங்கினவருக்கெல்லாம் வழி சொல்லிக்கொண்டிருக்க முடியாது. கண்ணாடியை மட்டும் மெதுவாகக் கழற்றி என் பையில் வைத்திருக்கிறேன். இனிக் கிளம்ப வேண்டும்.