மாப்பிள்ளைக்குச் சொன்ன பொய் விரல்கள்

2-8-66, செவ்வாய்

விடியலிலேயே மழை. ஆட்டுப் பட்டிக் கூரை இரண்டு இடத்தில் ஒழுக்கு. வாங்க வேண்டியது: தகரம், பிண்ணாக்கு, கயிறு, உப்பு.

மாப்பிள்ளை ஏழு மணிக்கே நோட்டோடு பட்டியில் ஆஜர். நல்ல வாத்தியார் வேலையை விட்டுவிட்டு, என் வீட்டு மாடியில் இருந்துகொண்டு டாக்டர் பட்டம். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. கல்வி, கணக்கு, சமூகம், மூன்றையும் கலந்து ஒரு ஆராய்ச்சி. மூன்று துறை, மூன்று பேராசிரியர். ஒருவர் சரி என்று எழுதியதை அடுத்தவர் அடிக்கிறாராம். நன்றாக வேண்டும்.

விஷயம் என்னவென்றால், பள்ளிக்கூடம் போகாத ஆட்டு வியாபாரிகள், துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவதை எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள். நான் கற்றது புழுக்கை அள்ளி, முதலாளியிடம் அறை வாங்கி. இவருக்கு உட்கார்ந்த இடத்தில் வேண்டும்.

"மாமா, மூணு விரல் பிடிச்சா எவ்வளவு?"

"எட்டு, மாப்பிள்ளை."

எழுதிக்கொண்டார். எட்டு மாதமாக இதே கதை. நான் சொல்லிக்கொடுத்ததில் ஒன்றுகூட நிஜம் இல்லை.

5-8, வெள்ளி

மகள் பாக்கியத்தோடு சண்டை. "அவரை ஏன்ப்பா எப்பப் பார்த்தாலும் முறைக்கிறீங்க?"

எனக்கு மகன் இல்லை. பட்டிக்கு ஆள் வேண்டும். பேராசிரியர்கள் முன்னால் பொய் விரலைக் காட்டி மூக்குடைபட்டால் தன்னால் இங்கே வந்து நிற்பார். அவளிடம் இதைச் சொல்ல முடியுமா?

தேக்கா சந்தைக் காப்பிக்கடையில் எவனோ: "என்னண்ணே, மருமகன் ஆட்டுக்குப் பாடம் நடத்துறாராமே?" காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

11-8, வியாழன்

நல்ல வெயில். ஒன்பதாம் தேதி தேசிய தினத்துக்கு ஏற்றிய கொடியைக் கடைகளில் இன்னும் இறக்கவில்லை. கப்பலில் வந்தது நாற்பது உருப்படி, இரண்டு நொண்டி.

எதிர்ப் பட்டி காசிம் பாய் என்னைப் பார்த்தாலே சிரிக்கிறார். என்ன பாய் என்றால், "ஒண்ணும் இல்லலா."

பேராசிரியர் ஒருவர் அடுத்த வாரம் சனிக்கிழமை பட்டிக்கே வருகிறாராம். வரட்டும். முடிந்தது படிப்பு.

20-8, சனி

பேராசிரியர் வெள்ளைக்காரர். காலில் வெள்ளைச் சப்பாத்து. பத்து நிமிஷத்தில் அது புழுக்கைப் பச்சை.

மாப்பிள்ளை நோட்டைத் திறந்து இங்கிலீஷில் நீளமாகப் பேசினார். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு உள்ளே குளுகுளு. அப்புறம் நேரே என்னிடம் வந்து கையைக் குலுக்கி "வெரி குட்", மூன்று தடவை. எதற்கு?

அவர் போனதும் கேட்டேன்.

"மாமா, நீங்க சொன்னது பொய்னு முதல் வாரமே தெரியும்லா. அந்த விரலை வச்சு காசிம் பாய்கிட்ட ஒரு கிடா கேட்டேன். சிரிச்சே விழுந்துட்டார்."

"அப்புறம் எதுக்கு எட்டு மாசம் எழுதினீங்க?"

"தொழில் தெரிஞ்சவங்க எதை, யாருக்குச் சொல்லித்தர மாட்டாங்க? இப்ப அதான் தீசிஸ். உங்க பொய் மொத்தம் அறுபத்தொண்ணு, தனி அத்தியாயம். பேர் போடல மாமா, பயப்படாதீங்க."

அறுபத்தொன்று. எண்ணியிருக்கிறான்.

இத்தனை வருஷத்தில் ஒரு வியாபாரி என்னை இப்படி ஏமாற்றியதில்லை.

21-8, ஞாயிறு

தூறல். மூன்று ஆட்டுக்குக் கழிச்சல். மருந்து ஊற்ற, மாப்பிள்ளை கூப்பிடாமலே வந்து பிடித்தான். ஆட்டின் தலையை எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியவில்லை.

துண்டை உதறி எங்கள் இருவர் கைமேலும் போட்டேன். "பட்டிக்கு வாரத்துல எத்தனை நாள் வருவீங்க? வாயால வேணாம்."

ஐந்து பிடித்தேன். நிஜ விரல். ஒன்று பிடித்தான். நான்கு. மறுபடி ஒன்று. முகத்தில் அசைவே இல்லை. பாக்கியம் வாசலில் நின்று, "சோறு ஆறுது, ரெண்டு பேரும் கையை விடுங்களேன்!" விடவில்லை. மூன்று பிடித்தேன். இரண்டு பிடித்தான். அதிலேயே நின்றான். சரி என்று கையை அழுத்தினேன்.

துண்டை எடுத்த பிறகு சொல்கிறான், "பட்டம் வாங்கினதுக்கு அப்புறம்தான், மாமா."

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டேன். மூன்று பேராசிரியரும் ஒத்துப்போக வேண்டுமாம்.

அந்தக் கைக்கு நல்ல பிடி. போயும் போயும் பேனா பிடிக்கிறது, சனியன்.