ஞாயிற்றுக்கிழமை வெல்லம்

காட்டூர், திருச்சி
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள வளவனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், கனடா குளிரில் நீயும் நல்லபடியாக இருக்க ரங்கநாதரை வேண்டிக்கொள்கிறேன். போனில் இதைச் சொல்ல வாய் வராது, அதனால்தான் கடிதம். வெள்ளிக்கிழமை காரில் கும்பகோணம், மாயவரம் வழியாகத் தரங்கம்பாடி போய் மூன்று நாள் இருந்துவிட்டு வந்தோம். பதறாதே. சுனாமிக்குப் பிறகு அந்த ஊர்ப் பெயரையே எடுக்காத உன் அம்மாதான் போகலாம் என்றாள். கோட்டையைப் பார்த்தோம், கடலோரத்துச் சிவன் கோயிலுக்குப் போனோம், எதிலும் மனசு ஒட்டவில்லை. பச்சைப் பாவாடையில் ஒரு பெண் ஓடினால் போதும், எனக்கு நம் மலர்க்கொடிதான், அதே பன்னிரண்டு வயசு. கிட்டப் போனால் யார் வீட்டுப் பெண்ணோ. ஓட்டலில் அம்மா மூன்று சாப்பாடு சொன்னாள், நானும் திருத்தவில்லை.

சுனாமியன்று ஊருக்குத் திரும்பக் கிளம்பும்போது ஜன்னல் சீட்டுக்காக நீ சண்டை போட்டாய், அக்கா கோபித்துக்கொண்டு கடற்கரைக்குப் போனாள், அலை கொண்டுபோய்விட்டது என்று எட்டு வயதிலிருந்து நம்பிக்கொண்டிருக்கிறாய். கல்யாணப் பேச்சை எடுத்தால்கூட, என்னோட இருந்தா யாருக்கும் ஆகாதுப்பா என்கிறாய். அவள் கோபித்துக்கொண்டு போகவில்லையடா. ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலம், வெல்லம் வாயில் போடாமல் திருச்சிக்குக் கிளம்பக் கூடாது என்று நான்தான் அவளைக் கடலோரக் கடைக்கு அனுப்பினேன். பெட்டியைக் கட்டுங்கப்பா, ஓடிப் போயிட்டு வரேன் என்று சிரித்துக்கொண்டுதான் போனாள். எல்லாரும் உங்கள் சண்டைதான் காரணம் என்றபோது நான் வாயைத் திறக்கவில்லை. சின்னப்பிள்ளை தலையில் பழியைப் போட்டுவிட்டு இருபது வருஷமாகச் சோறு தின்றுகொண்டிருக்கிறேன்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைதான் திரும்பினோம். காரில் சாவியைப் போட்டேன், திருகவில்லை. அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு துண்டு வெல்லத்தை என் கையில் வைத்தாள். யாரையும் கடைக்கு அனுப்ப வேண்டாம்னுதான் வீட்டிலேர்ந்தே எடுத்துட்டு வந்தேன், இனிமேலாவது வளவனுக்கு எழுதுங்க என்றாள். எப்போதிலிருந்து அவளுக்குத் தெரியும் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. அந்த வெல்லம் இதோ மேஜைமேல் எறும்பு மொய்த்துக் கிடக்கிறது.

நோய்நொடி இல்லாமல், மனைவி மக்களோடு நிறைவாக வாழ வேண்டுமடா நீ. கையுறை போடாமல் வெளியே போகாதே. என்மேல் கோபப்படு, அது நியாயம். அம்மாவிடம் மட்டும் பேசாமல் இருந்துவிடாதே. இந்த ஞாயிற்றுக்கிழமை அவள் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருப்பாள், நான் மாடிக்குப் போய்விடுகிறேன்.

அக்காவை அனுப்பியவன்,
உன் அப்பா
ஜெயக்குமார்