கல்யாண வேட்டியில் காய்ந்த கம்பு

அன்பு மகள் செல்வலட்சுமிக்கு அப்பா நாகையா எழுதுவது. எம். புதுப்பட்டியில் நானும் உன் அம்மாவும் சுகம். புனேயில் நீயும் மாப்பிள்ளையும் குட்டி வேல்விழியும் சுகமாக இருந்தால்தான் எங்கள் சுகம் முழுசாகும். அன்றைக்குப் போனில் பதற்றத்தில் பாதிகூடச் சொல்லவில்லை. அதனால் இந்தப் பொட்டலத்தோடு கடிதமும் வைக்கிறேன்.

பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகப்போகிறது, மருந்து அடிக்காத கம்பில் மாவு வேண்டும் என்று நீ கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கடையில் கேட்டால் எல்லாமே இயற்கைதான் என்பார்கள், நம்ப முடியுமா. காரியாபட்டிப் பக்கம் சங்கிலிமுத்து என்று ஒருவர் உரமும் பூச்சிமருந்தும் இல்லாமல் விதைக்கிறார் என்று கேள்விப்பட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். கதிரைப் பிரித்தால் புழு நெளிந்தது, மருந்து படாத கம்புதான் என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புழுவைப் பாத்துச் சிரிக்கிற ஆளை இப்பத்தான் பாக்கேன் அண்ணாச்சி என்றார் அவர். கம்பைக் கழுவி, முளைகட்டி, மாடியில் சாக்கு விரித்துக் காயவைத்து, வறுத்து அரைத்து உனக்கு அனுப்பிவிட்டு, மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தேன்.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு யோகேஸ்வரி வந்தாள். கொடியில் கிடந்த சாக்கைப் பார்த்துவிட்டு, இது கம்பெனிச் சாக்குல்ல அண்ணே, இதுலயா பிள்ளைக்குக் காயப்போட்டீக என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பட்டாசு மருந்து வந்திறங்கிய சாக்கு அது, கனமான சாக்கு என்று நாலு தண்ணீரில் அலசி மடித்து வைத்திருந்தேன். நம் தெருவில் வத்தல் காயப்போட எல்லார் வீட்டிலும் கிடப்பதுதானே, கண் பழகிவிட்டது. உதறிப் பார்த்தால் தையலில் வெள்ளிப்பொடி, பட்டாசுக்குப் போடும் அலுமினிய மருந்து, மினுங்குகிறது. இருபத்தேழு வருஷம் பட்டாசுக் கம்பெனி மருந்து அறையில் வேலை பார்த்தவன் நான். வயலில் போய் மருந்து இருக்கிறதா என்று தேடிவிட்டு, வீட்டு மாடியில் வைத்து நானே கலந்திருக்கிறேன். கூறுகெட்ட மனுசன், முதல்ல போனைப் போடுங்க என்று உன் அம்மா கத்தினாள். பொட்டலம் வந்திருச்சுப்பா, இன்னும் பிரிக்கல, நாளைக்குக் காலையில நல்ல நேரம் பாத்து வச்சிருக்கோம் என்று நீ சொன்னதும், பிரிக்காத தாயி, சாக்குல பட்டாசு மருந்து இருந்திருக்கு, தூரப் போட்டுரு என்று சொல்லி முடித்தேன். யோகேஸ்வரி ஒருநாள் தள்ளி வந்திருந்தால்? உயிருள்ளவரை அவளை மறக்க மாட்டேன். உன்னையும்தான் தாயி. நீ ஒரு சொல் கடிந்து பேசவில்லை. அம்புட்டுத் தூரம் போயிப் பாத்து வாங்குனீகளே, இன்னொரு தடவை செஞ்சு அனுப்புங்க, அதுவரைக்கும் பொறுத்துக்கிடுதோம் என்றாய். இவ்வளவுக்குப் பிறகும் என் கையை நம்புகிறாயே, எனக்கு வேறென்ன வேண்டும்.

சங்கிலிமுத்து மறுபடியும் கம்பு கொடுத்தார். நடந்ததைச் சொன்னேன், அவர் சிரிக்கவில்லை, நல்ல மனிதர். இந்தத் தடவை என் கல்யாண வேட்டியைப் பெட்டியிலிருந்து எடுத்து விரித்தேன். வெள்ளையில் ஒரு தூசி விழுந்தாலும் தெரியுமல்லவா. உன் அம்மா என் நகத்தை ஒட்ட வெட்டி, இரண்டு தடவை குளிக்கவைத்த பிறகுதான் கம்பைத் தொடவே விட்டாள். மில்லுக்குக் கொண்டுபோகாமல் வீட்டு மிக்சியிலேயே அரைத்துத் துணியில் சலித்தோம். சாக்கையெல்லாம் கம்பெனியிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். தெருவிலும் சொன்னேன், ரெண்டு பேர் முறைத்தார்கள், முறைக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, நான் வேலைவிட்டு வந்ததும் பசி என்று என் காலைக் கட்டிக்கொள்வாய். கையைச் சும்மா நனைத்துவிட்டு, நகத்தில் அந்த வெள்ளியோடுதான் உனக்குச் சோறு பிசைந்து ஊட்டியிருக்கிறேன். எடுத்துச் சொல்ல ஆளில்லை, எனக்கும் தெரியவில்லை. ஆனாலும் நீ நல்லபடியாக வளர்ந்து ஒரு பிள்ளைக்குத் தாயாகி நிற்கிறாய். அதற்காக மாரியாத்தாளைத் தினமும் கும்பிடுகிறேன்.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழ வேண்டும். மாவில் ஈரக்கரண்டி படாமல் பார்த்துக்கொள். வேல்விழிக்கு முதல் வாய் ஊட்டும்போது மறக்காமல் வீடியோவில் கூப்பிடு. நான் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
மா. நாகையா