மாடியில் எடுத்த படம்

14 செப்டம்பர் 2012, வெள்ளி

சோலார் மானியத்துக்கு மனுப் போடாதீர்கள் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். இவர் கேட்டால்தானே! இன்று காலை மாநகராட்சியிலிருந்து ஓர் அதிகாரி மொட்டைமாடிக்கு வந்தார். பேனல்களைப் படம் எடுத்தார். அப்புறம் கேமராவை எங்கள் மாடி அறைப் பக்கம் திருப்பினார்.

"ஈ ரூம்கி பர்மிஷன் உந்தா?" என்று இந்த ஊர்த் தெலுங்கில் கேட்டார், அறைக்கு அனுமதி இருக்கிறதா என்று.

அனுமதி வாங்காமல் கட்டிய அறை அது. பையனும் மருமகளும் அதில்தான் இருக்கிறார்கள். அவளுக்கு இது ஒன்பதாம் மாதம்.

அதிகாரி ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார். திட்டியிருந்தால்கூடப் பயம் குறைந்திருக்கும்.

"ஒண்ணும் ஆகாதுடி, தூங்கு" என்கிறார் இவர். ராத்திரி சாப்பாட்டில் கையே வைக்கவில்லை. பின்தெருவில் இப்படி ஓர் அறையை இடித்துப் போட்டதை இரண்டு பேரும்தான் பார்த்தோம்.

கரண்ட் போய்விட்டது. கீழே இன்னும் சோலார் ஒயரிங் முடியவில்லை, மெழுகுவத்தியில் எழுதுகிறேன். தெருவே இருட்டு. மாடி அறை விளக்கு மட்டும் பளிச்சென்று எரிந்தது, மெயின் ரோட்டுக்கே தெரிகிற மாதிரி. படியேறிப் போய் மருமகளிடம், "லைட்டை அணைச்சிடும்மா" என்றேன்.

"ஏன் அத்தை?"

"கொசு வரும்" என்றேன்.