கட்டில் கேட்ட மருமகன்

கள்ளப்பாடு,
02.05.1999

என் மூத்தவனுக்கு,

மாதாவின் காவலில் நாங்கள் சுகம். "வந்த காலத்திலயிருந்து நான் நிலத்திலதான் படுக்கிறன். அனிஸ்ரன் வந்த கிழமையே கட்டில் கேக்கிறான். வேற அறை பாக்கட்டும்" என்று எழுதியிருக்கிறாய். உன் தங்கச்சி வாசித்துவிட்டு, "என்ர பிள்ளையை அண்ணை துரத்தப்போறாரோ அம்மா?" என்று அழுதாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

கரைவலை இழுக்கையில் பாதியில் வந்து கயிறு பிடித்தவனுக்கும் உன் ஐயா மீன் கொடுத்துத்தான் அனுப்புவார். "தோணி தள்ளேக்க எங்க நிண்டனி?" என்று ஒருநாளும் கேட்டதில்லை.

நீ பாரிசில் இறங்கியபோது, கேட்பதற்கு உனக்கு ஒருவரும் இருக்கவில்லை. அவனுக்கு மாமா இருக்கிறார். அந்த மாமாவைப் பெற்றவள் நான் என்று கோயிலடியில் எல்லோருக்கும் சொல்லித் திரிகிறேன்.

அவனுக்குக் கட்டில் வாங்கு. உனக்கும் ஒன்று வாங்கு, ராசா.

உன் அம்மா