வாய்க்காலில் மிதந்த உங்கள் பெயர்

டீச்சர்,

நேற்று பெருந்துறைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மேடை அலங்காரக்காரர் மணமக்களின் பெயரைத் தெர்மாகோலில் அறுத்துக்கொண்டிருந்தார். அந்தக் கீச்சுச் சத்தம் காதில் விழுந்ததும் பல் கூசியது. சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டேன். வீட்டில் கேட்டதற்குத் தலைவலி என்று சொன்னேன். உங்களிடம் பொய் எதற்கு? எனக்கு வந்தது கோபம். நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகியும் அது துளிகூடக் குறையவில்லை.

நீங்கள் அறிவியல், நான் விளையாட்டு. மற்றவர்கள் என் பீரியடைக் கேட்காமலே பிடுங்கிக்கொள்வார்கள். நீங்கள் மட்டும்தான் கேட்டு வாங்குவீர்கள். "ஏனுங்க சார், இன்னிக்குப் புள்ளைகளக் கொளத்துக்குக் கூட்டிட்டுப் போலாமுங்களா? நீங்க விசிலோட வந்தாப் போதுமுங்க." போவோம். நீங்கள் பெரிதாக எதையும் போதித்து நான் பார்த்ததில்லை. மிட்டாய்த் தாளைக் கீழே போட்ட பிள்ளையிடம், "அது இப்ப எங்க போகுது கண்ணு?" என்று கேட்பீர்கள். அந்தப் பிள்ளை தாளின் பின்னாலேயே நடக்க வேண்டும். காற்று தள்ளத் தள்ள, பள்ளிக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால் வழியாகக் குளம் வரைக்கும். ஒருமுறை நடந்த பிள்ளை மறுமுறை போட்டதில்லை.

நம் பள்ளியின் பெருமை 'இயற்கையைக் காப்போம்' கண்காட்சி. வருடா வருடம் பிள்ளைகள் தெர்மாகோலில் காடு செய்வார்கள், மலை செய்வார்கள். வால்பாறைக் கொண்டை ஊசி வளைவில் யானைக் கூட்டம் நிற்கும். பெற்றோர்கள் மூன்று மணி நேரம் போட்டோ எடுப்பார்கள். மறுநாள் காலை தாளாளர் உத்தரவில் அத்தனை காடும் மதில் சுவரைத் தாண்டி வாய்க்காலில் விழும். இயற்கையைக் காப்பாற்றிய களைப்பில் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. நீங்கள் பார்த்தீர்கள்.

உங்கள் கடைசிக் கண்காட்சி முடிந்து நடந்த ஆசிரியர் கூட்டத்துக்குச் சாக்பீஸ் டப்பா ஒன்றோடு வந்தீர்கள். உள்ளே செத்துப்போன முக்குளிப்பான், நம் குளத்தில் முங்கி முங்கி எழும் அந்தச் சின்னப் பறவை. கால் இரண்டையும் நைலான் நூல் சுற்றியிருந்தது. நூலின் முனையில் ஜிகினா ஒட்டிய தெர்மாகோல் நட்சத்திரம். "இது நம்ம ஆறாவது பி செஞ்சதுங்க" என்றீர்கள்.

நம் தாளாளர் ஒருவரை அவமானப்படுத்தும்போதும் 'ங்க' போட மறக்காதவர். "டீச்சருங்க, நீங்க புஸ்தகத்துல இருக்கறத நடத்துனாப் போதுமுங்க. செத்த குருவி பொறுக்கறதுக்கு நான் வேற ஆளு வெச்சுக்கறேனுங்க."

அறையே சிரித்தது. கண்காட்சிப் பொறுப்பிலிருந்து உங்களை எடுத்தார்கள். மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார்கள், எழுதிக் கொடுத்தீர்கள். நான் சிரிக்கவில்லை. ஆனால் வாயும் திறக்கவில்லை. விசில் கயிற்றில் முடிச்சுப் போட்டு, அவிழ்த்து, திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும், "உடுங்க சார், போச்சாது" என்றீர்கள்.

நான் விடவில்லை டீச்சர். எனக்கு உங்கள் மனசு கிடையாது.

சில மாதத்தில் மாரடைப்பு உங்களைக் கொண்டுபோனது. பள்ளியில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். மேடையில் உங்கள் பெயர், ஆளுயர எழுத்தில், ஊதா வர்ணம் அடித்து. எதில் அறுத்திருந்தார்கள் என்று உங்களுக்கே தெரியும். தாளாளர் ஐந்து நிமிடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார். இரண்டு நாள் கழித்து வாய்க்கால் பக்கம் போனேன். உங்கள் பெயரின் முதலெழுத்து ஆகாயத்தாமரையில் சிக்கி நின்றது. மற்றவை குளத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. அந்த இடத்தில்தான் முடிவு செய்தேன், இந்தத் தாளாளரை நாலு பேர் பார்க்கத் தலைகுனிய வைக்காமல் ஓய்வதில்லை என்று.

அதற்குப் பிறகு என் பீரியடை யாருக்கும் கொடுக்கவில்லை. குளத்திலும் வாய்க்காலிலும் கிடந்த தெர்மாகோலைத் தொரட்டியால் நான் இழுத்துக் கரையில் போடுவேன், நீங்கள் நடத்திய சுற்றுச்சூழல் மன்றத்துப் பிள்ளைகள் கழுவிக் காயவைப்பார்கள். பந்துகள் இருந்த அறை நிரம்பிவிட்டது. பிள்ளைகள் குளத்துக்காகச் செய்தார்கள். நான் தாளாளருக்காகச் செய்தேன். அதை மறைக்க மாட்டேன்.

போன வாரம் கண்காட்சி. சேர்த்து வைத்ததை எல்லாம் ஒரு மேசையில் அடுக்கினோம். ஏழாம் வகுப்பு மித்ரா எங்கள் மேசைக்குப் பொறுப்பு. சிறப்பு விருந்தினரும் தாளாளரும் வந்தபோது குச்சியால் காட்டிச் சொன்னாள். "இது போன வருசத்துக் காடுங்க ஐயா. இது அதுக்கு முந்துன வருசத்துக் காடுங்க. ரெண்டும் கொளத்துல கெடந்துச்சுங்க. இந்த யானைக்குப் பின்னால நம்ம தாளாளர் ஐயா பேத்தி பேரு எழுதியிருக்குதுங்க, பாருங்க." அத்தனை மரியாதையோடு யாரும் ஒரு மனிதனை உரித்து நான் கேட்டதில்லை. விருந்தினர் யானையைத் திருப்பிப் பார்த்தார். தாளாளரின் முகம் வெளுத்ததை நான் ஆற அமர நின்று ரசித்தேன். அன்று மதியம் சோறு இனித்தது.

மேசைக்குப் பின்னால் பிள்ளைகளே எழுதிய ஒரு சார்ட் தொங்கியது. 'செய்தவர்கள்: நாங்கள். கொட்டச் சொன்னவர்: தாளாளர் ஐயா. பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவர்கள்:' அதற்குப் பக்கத்தில் வெறும் கோடு.

மாலையில் தாளாளர் அறைக்குக் கூப்பிட்டார். "அந்தச் சார்ட்டக் கழட்டிப்போட்டு, ஒரு மன்னிப்புக் கடுதாசி குடுத்துருங்க சார். இல்லீன்னா வேற ஸ்கூல் பாத்துக்கோங்க." யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வந்தேன்.

மித்ரா மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பழைய ஆசிரியர் கூட்டத்தில் நடந்ததை அவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"சார், டீச்சரை அன்னிக்கு மீட்டிங்ல அப்படிப் பேசுனப்ப நீங்க இருந்தீங்களாங்க சார்?"

"இருந்தேன் கண்ணு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல."

அவள் சண்டை போடவில்லை. ஸ்கெட்ச் பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அப்ப உங்க பேரை எழுதட்டுங்களா சார்?"

எழுதச் சொன்னேன். கொட்டை எழுத்தில் எழுதினாள்.

கடிதம் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன். வேலை போனால் போகட்டும். சார்ட் இப்போது விளையாட்டு அறைச் சுவரில் தொங்குகிறது. தினமும் காலையில் கதவைத் திறந்ததும் முதலில் என் பெயர்தான் கண்ணில் படுகிறது, முகத்தில் அறைகிறது. கழற்றி எறிந்துவிடலாம்தான். ஆனால் என் பெயர் போனால் கூடவே தாளாளர் பெயரும் போய்விடும் டீச்சர். அதற்கு எனக்கு மனசு வரவில்லை.