கோடு போடாத இடம்

மாப்ளே,

இன்று காலை கூலருக்குப் புது வெட்டிவேர்த் தட்டி மாட்டினேன். மோட்டார் ஓடித் தண்ணீர் இறங்கி, முதல் ஈர வாசனை அறைக்குள் நுழைந்தது. வந்தது தனியாக வரவில்லை. உன்னையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. உன் அக்கா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "அந்த மூலைக்குக் காத்து போகுதா பாருங்க" என்றாள். அந்த மூலையில் இப்போது உன் மேஜை இல்லை. பீரோ நிற்கிறது. பீரோவுக்கு வியர்க்காது. ஆனாலும் கூலரின் வாயை அந்தப் பக்கமே திருப்பி வைத்தேன். வருஷா வருஷம் அப்படித்தான் செய்கிறோம். 

தில்லி கிட்வாய் நகரில் மத்திய சர்க்கார் எனக்கு மனமுவந்து அளித்த இரண்டு அறைச் சமஸ்தானத்துக்கு, திருநெல்வேலியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு நீ வந்து இறங்கினாய். கல்லூரியில் பௌதிக விரிவுரையாளர் வேலை. வீடு கிடைக்கும் வரை இருக்கிறேன் என்றாய். அக்காளைக் கட்டிக்கொண்டவனுக்குத் தம்பியும் சீதனம் என்று எந்த மந்திரத்திலும் சொல்லவில்லையே என்று நான் சபையறியக் கேட்டேன். "உங்களுக்குப் பேச்சுத் துணை வேண்டாமா அத்தான்" என்று சிரித்தாய். வீடும் நீ தேடவில்லை, நானும் தேட விடவில்லை.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. வெளிநாட்டில் அளந்த நட்சத்திரக் கணக்கை உனக்குக் கொண்டுவர, அதற்குப் போன் கம்பி வழியே பேசும் ஒரு பெட்டி. அது கத்தும் கத்தலில் லோதி தோட்டத்துச் சுல்தான்கள் கல்லறையில் புரண்டு படுத்தார்கள் என்று காலனி முழுக்கச் சொல்லி வைத்தேன். உன் அக்கா ஊருக்குப் பேசப் போனை எடுத்தால் உன் நட்சத்திரம் பாதியில் அறுந்துவிடும். "யக்கா, வச்சிரு! வச்சிரு!" என்று நீ அலறுவாய். "ஏல, ஆகாசத்துல இருக்கது எங்க போயிரப் போவுது? அம்மைக்கிட்ட ரெண்டு வார்த்தை பேசிக்கிடுதேன்" என்பாள் அவள்.

போய்விடும் என்பதுதான் உன் தொழிலின் சாரமே. அதை நீ எனக்குப் புரிய வைத்தது பஸ் ஸ்டாப் டீக்கடையில். அடி தடித்த டீ கிளாஸைக் காலி செய்து, அதன் அடிப்பாகத்தின் வழியே தெருவிளக்கைப் பார்க்கச் சொன்னாய். விளக்கு நெளிந்தது, வளையமாக வீங்கிப் பிரகாசித்தது. "பின்னால இருக்க விளக்கு தூரத்து நட்சத்திரம் அத்தான். கிளாஸ்தான் நடுவுல குறுக்க போற நட்சத்திரம். அது நம்ம கண்ணுக்கே தெரியாது. அதோட ஈர்ப்பு பின்னால உள்ள வெளிச்சத்தை வளைச்சுக் குவிக்கும். பின்னால உள்ளது சில வாரம் பிரகாசமாகிட்டு, திரும்பப் பழையபடி மங்கிரும்." நான் கிளாஸைத் திருப்பினேன். அடியில் ஒரு காற்றுக் குமிழி சிக்கியிருந்தது. அது விளக்குக்கு நேரே வந்ததும் பக்கத்தில் ஒரு சின்ன மினுக்கு, சட்டென்று. நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். "அதான்! அந்தக் குமிழிதான் கிரகம். சில மணி நேரந்தான் மினுக்கும். ஒரு தடவைதான். அப்புறம் உலகம் முடியிற வரைக்கும் அந்த ரெண்டும் அப்படி நேருக்கு நேரா வராது."

கடைக்காரர், "அரே ஸாப், கிளாஸ் வாபஸ் தோ!" என்று கிளாஸைத் திருப்பிக் கேட்டுக் கத்தினார். கெஞ்சிக் கூத்தாடி அந்தக் கிளாஸை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கோஹினூர் வைரத்தை லண்டனுக்குக் கொண்டுபோனவன்கூட அவ்வளவு பெருமையாக நடந்திருக்க மாட்டான்.

அந்த ஜூன் மாதத்தில் உனக்கு ஒரு நட்சத்திரம் வாய்த்தது. சிலியில் இருப்பவர்கள் பார்ப்பார்கள். அங்கே விடிந்தால் ஆஸ்திரேலியாக்காரர்கள். அவர்களுக்குப் பின் தென்னாப்பிரிக்கா. கண் மூடாமல் உலகமே முறைவைத்துக் காவல் காக்கும். அளந்ததையெல்லாம் உனக்கு அனுப்புவார்கள். நீ புள்ளி புள்ளியாக வைப்பாய். புள்ளிகள் ஒழுங்காக மலை ஏறி மலை இறங்கும். அன்று சிலியின் கடைசிப் புள்ளி மட்டும் வரிசையை விட்டுக் கொஞ்சம் மேலே நின்றது. நீ நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாய். ஆஸ்திரேலியாவில் மேகம். தென்னாப்பிரிக்காவில் இருட்ட நேரமிருந்தது. அதற்கு முன்னால் இருட்டுவது நம் நாட்டில். மலைமேல் இருக்கும் நம் தொலைநோக்கிக்கு நீ போன் போட்டபோது, அங்கே மழை கொட்டுகிறது என்றார்கள். இங்கே புழுதிப் புயல் அடித்துக் கதவெல்லாம் படபடத்தது. நீ ஜன்னலருகே நின்று, செங்கல் நிறத்தில் இருந்த வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

மறுநாள் தென்னாப்பிரிக்காப் புள்ளிகள் வந்தன. எல்லாம் பழையபடி வரிசையில், ஒன்றுமே நடக்காதது போல. நடுவில் வெள்ளைக் காகிதம்.

"ஒரு பென்சில் குடு மாப்ளே" என்றேன். "அந்த இடத்துல ஒட்டகத் திமில் மாதிரி ஒண்ணு வரையுதேன். கீழ என் கையெழுத்து, அசோகச் சக்கர முத்திரை எல்லாம் போட்டுத் தாரேன். எந்த வெள்ளைக்காரன் மாட்டேன்னு சொல்லுதான் பாப்போம். கிரகத்துக்கு உங்க அக்கா பேரு."

நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். காகிதத்தை மெதுவாக என் கையிலிருந்து எடுத்துக்கொண்டாய். "அளந்து விடாதீய அத்தான். யாரும் பாக்காத நேரத்துக்கு நான் கோடு போட மாட்டேன்."

"அப்ப கிரகம் இல்லையா?"

"தெரியாது. இருந்தா இருக்கட்டும். நம்ம பாக்கலைன்னு அதுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல."

சொல்லிவிட்டாயே தவிர, பல நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாய். எனக்குத் தெரியும்.

சில வருஷம் கழித்து ஒரு மழைக்காலக் கடைசியில் உனக்கு டெங்கு வந்தது. தில்லிக்கே வந்த காய்ச்சல்தான். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளிக்கு ஒரே ஒரு பாஸ். உள்ளே இருப்பவர் கீழே இறங்கி, வாசலில் நிற்பவர் கையில் அதைக் கொடுத்தால்தான் அடுத்தவர் மேலே போகலாம். காலனித் தமிழர்கள் வழக்கம்போல் முறை போட்டுக்கொண்டார்கள். காலையில் உன் அக்கா, பகலில் எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியார், அவர் மந்திர் மார்க் பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு வந்தார், சாயங்காலம் நான். "உனக்கும் உலகம் முறைவச்சுக் காவல் காக்குது பாத்தியா" என்றேன். உலர்ந்த உதட்டோடு சிரித்தாய். ரத்தத்தில் தட்டணுக்கள் ஏற ஆரம்பித்துவிட்டன, இரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

மறுநாள் ஆபீஸிலிருந்து நேரத்துக்குத்தான் கிளம்பினேன். சாணக்யபுரிக்கு ஏதோ ஒரு நாட்டின் தலைவர் வருகிறார் என்று போலீஸ் விசில் ஊதி எல்லா பஸ்களையும் நிறுத்திவிட்டது. இறங்கி நடக்கவும் விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே கறுப்புக் கார்கள் ஒவ்வொன்றாகப் போயின. வாத்தியார் என் நேரத்துக்குக் கீழே இறங்கி, பாஸைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். இதோ வந்துவிடுவார், இதோ வந்துவிடுவார் என்று நின்றிருக்கிறார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நின்றிருப்பார்கள். "நல்லாப் பேசிட்டிருந்தார் சார். எந்திரிச்சு உக்காந்து சாத்துக்குடி வேணும்னு கேட்டார். முகமே தெளிவா இருந்தது" என்றார். நான் சாத்துக்குடி ஜூஸ் வாங்கிக்கொண்டு மேலே போனேன்.

நர்ஸ் திரையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். இந்தக் காய்ச்சலில் அப்படியும் ஆவதுண்டாம். பக்கத்துக் கட்டில்காரர் தூங்கிக்கொண்டிருந்தாராம். நர்ஸ் வேறு வார்டில் இருந்தாளாம்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு உன் அக்கா என்னைக் கேட்டாள். "கடைசியா ஏதாச்சும் சொன்னானாங்க? என்னயக் கேட்டானா?" மாப்ளே, நான் யார்? இந்தக் காலனியில் அத்தனை பிள்ளைகளுக்கும் புளுகு மாமா. செங்கோட்டையை என் பாட்டனார் குத்தகைக்கு விட்டதாக நம்ப வைத்தவன். எனக்கு ஒரு வாக்கியம் செய்ய எவ்வளவு நேரம் ஆகும்? 'யக்காவை நல்லாப் பாத்துக்கிடுங்க அத்தான்.' வாய்வரை வந்துவிட்டது. உன் குரல், உன் இழுவை, எல்லாம் பொருந்தி வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். அதைச் சொன்னால் அன்றைக்கு அவள் தூங்குவாள் என்று தெரிந்தது.

"தெரியாதும்மா. யாரும் பக்கத்துல இல்ல" என்றேன்.

அவள் வெகு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. இன்றும் போலீஸ் விசில் கேட்டால் என் கை தானாகச் சட்டைப்பையைத் தடவுகிறது, பாஸ் இருக்கிறதா என்று. பஸ் கண்ணாடியில் கறுப்புக் கார் போனால், நீ எழுந்து உட்கார்ந்து வாசல் பக்கம் பார்ப்பது தெரிகிறது. யாரைப் பார்க்கிறாய் என்பது மட்டும் தெரிவதில்லை.

போன வாரம் பேப்பரில் போட்டிருந்தான். இதே முறையில், ஒரு நட்சத்திரம் இன்னொன்றின் குறுக்கே போனபோது, எங்கோ கோடானுகோடி மைலுக்கு அப்பால் ஒரு கிரகத்தைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். உன் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

"நம்ம தம்பி பாத்ததா?"

"அதே மாதிரிதான். ஆனா இது வேற நட்சத்திரம்."

"அப்ப அவன் பாத்தது?"

"அது போயிட்டுது. இனி வராது. இருந்துச்சா இல்லையான்னு யாருக்கும் தெரியாது."

அவள் பேப்பரை வாங்கி மடித்தாள். "இருந்திருக்கும்" என்றாள். பிறகு அவளாகவே, "நீங்க அன்னைக்கு ஏதாவது புளுகியிருந்தா நான் நம்பியிருப்பேன். அப்புறம் ஒவ்வொரு நாளும் சந்தேகப்பட்டிருப்பேன்" என்றாள். கூலர் கரகரத்துக்கொண்டிருந்தது. காற்று பீரோ பக்கமே போய்க்கொண்டிருந்தது.

அந்த டீ கிளாஸ் இன்னும் என்னிடம் இருக்கிறது. விளக்குப் போட்டதும் சில நாள் எடுத்துப் பார்ப்பேன். விளக்கு வீங்கி வளையமாகும். குமிழி வரும்போது மினுக்கும். கையைக் கொஞ்சம் அசைத்தால் ஒன்றுமில்லை. இந்த மடலில் சுல்தான்களைப் புரட்டியிருக்கிறேன், கோஹினூரைத் தூக்கியிருக்கிறேன். வாத்தியார் படியிறங்கியதற்கும் நான் படியேறியதற்கும் நடுவில் இருக்கும் இடத்தை மட்டும் நீ விட்டது போலவே விட்டிருக்கிறேன், மாப்ளே. பென்சில் என் கையில்தான் இருக்கிறது. அந்த இடத்தில் வைக்கவில்லை.